பி53 கூடினால் நல்லதா, கெட்டதா? வாசகர் கேள்வி பதில்

புற்றுக் கட்டியை அடக்கும் புரதங்களைப் பற்றிப் போன இதழில் அரைப்பக்கக் குறிப்பு ஒன்று வந்தது. செல்லுக்கு நெருக்கடி வந்தால் பி53 என்ற புரதம் கூடி, சில மரபணுக்களை இயக்கும் என்று அதில் இருந்தது. செட்டிநாட்டுப் பக்கமிருந்து அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் முட்டிக்கொண்டு நின்றன: இந்தப் பி53 உடம்பில் கூடுவது நன்மையா, கேடா? சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். சிகிச்சை சம்பந்தப்பட்ட கடிதங்களில் பெயர்களை விட்டுவிட்டோம்.

செல்லுக்கு 'நெருக்கடி' என்கிறார்களே, அது எது? ஒரு புரதம் எப்படி மரபணுவை வேலை வாங்கும்? பன்னிரண்டாம் வகுப்புக்குச் சொல்லும்படி விளக்குங்கள்.
ஆசிரியர், கோட்டையூர்

மனக்கவலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். எக்ஸ் கதிர் பட்டு டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளும் ஒரே இடத்தில் அறுந்தால் அது நெருக்கடி. வெயிலின் புற ஊதாக் கதிரால் பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் அதுவும் நெருக்கடிதான். ஆக்சிஜன் போதாமை, புரதம் தயாரிக்கும் ரைபோசோமைக் கட்டும் வேலை குலைவது, ஏதோ ஒரு மரபணு கெட்டுப்போய்ச் செல்லை ஓயாமல் பெருகச் சொல்லி விரட்டுவது எல்லாம் இந்தப் பட்டியலில் சேரும்.

ஒவ்வொன்றையும் மோப்பம் பிடிக்கத் தனித்தனிப் புரதங்கள் உண்டு. இரட்டை இழை அறுந்தால் ஏடிஎம், டி.என்.ஏ. நகலெடுப்பு பாதியில் நின்று ஒற்றை இழை வெளியே தெரிந்தால் ஏடிஆர். விரட்டும் மரபணு என்றால் ஏஆர்எஃப். ரைபோசோம் குலைந்தால் அதன் உதிரிப் பாகங்களான எல்5, எல்11 என்ற புரதங்களே போய்ச் சேதி சொல்கின்றன. எல்லா வழியும் கடைசியில் ஓரிடத்தில் வந்து சேர்கிறது. எம்டிஎம்2 என்ற புரதம் சாதாரண நேரத்தில் பி53ஐப் பிடித்து அழிவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தப் பிடியை விடுவிப்பதுதான் இவை அத்தனையின் வேலையும்.

பிடி விட்ட பி53 நான்கு நான்காகச் சேர்ந்து டி.என்.ஏ.வில் தனக்குரிய இடத்தில் உட்காரும். அந்த இடம் பத்து எழுத்துகள் கொண்ட இரண்டு துண்டுகள். நடுவில் இடைவெளியே இல்லாமலும் இருக்கலாம், 13 எழுத்துகள் வரையும் இருக்கலாம். உட்கார்ந்ததும் பி300 போன்ற நொதிகளை இழுத்து வரும். அவை டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் அசிட்டைல் குறிகளை ஒட்டி அந்தப் பகுதியை நெகிழ்த்தும், மரபணுவை எம்.ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கும் நொதி உள்ளே வரும். பி21, காட்45 ஆகியவை செல் பிரிவதை நிறுத்திவைக்கும். எக்ஸ்பிசி, டிடிபி2 பழுது பார்க்கும். பழுது தேறாது என்றால் பூமா, நாக்ஸா, பாக்ஸ் வந்து மைட்டோகாண்ட்ரியாவில் ஓட்டை போட்டுச் செல்லை முடித்துவிடும்.

வகுப்பில் ஒன்றை மட்டும் திருத்திச் சொல்லுங்கள். 'பி53 சில மரபணுக்களை இயக்கும், சிலவற்றை நேரடியாக அடக்கும்' என்று பழைய குறிப்புகளில் எழுதியிருக்கும். அடக்கும் வேலையில் பெரும்பகுதி நேரடியானதல்ல. பி53 இயக்கியதால் உண்டாகும் பி21, செல் பிரிவை முடுக்கும் சிடிகே நொதிகளைக் கட்டிப்போடுகிறது. அதனால் ஆர்பி புரதமும் 'ட்ரீம்' என்ற புரதக் கூட்டும் பிரிவுக்கான மரபணுக்களின் மேல் பூட்டாக உட்கார்ந்துவிடுகின்றன. ஆக அடக்குவது இரண்டாம் கை.

ஆய்வகத்தில் வளரும் ஹீலா புற்றுச் செல்களுக்கு டாக்சோரூபிசின் என்ற கீமோ மருந்தைக் கொடுத்து 24 மணி நேரம் கழித்து பி53இன் எம்.ஆர்.என்.ஏ.வை அளந்தேன், ஏறவே இல்லை. புரதத்தைப் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டிலும் பி53 மங்கல், பி21 பட்டையையே காணோம். மருந்து கெட்டுப்போனதா?
முதுகலை மாணவி, காரைக்குடி

மருந்தைக் குறை சொல்வதற்கு முன் அளந்த பொருளைப் பாருங்கள். பி53 கூடுவது எம்.ஆர்.என்.ஏ. கூடுவதால் அல்ல. செல் அதை எப்போதும் தயாரித்துக்கொண்டுதான் இருக்கிறது. எம்டிஎம்2 அதன்மேல் யூபிக்யுட்டின் என்ற அழிவுக் குறியை ஒட்டி, புரதங்களைச் சிதைக்கும் புரோட்டியசோமுக்கு அனுப்பிக்கொண்டும் இருக்கிறது. சாதாரணச் செல்லில் அதன் அரை ஆயுள் இருபது நிமிடம்போலத்தான். குழாயும் திறந்து வடிகாலும் திறந்திருக்கும் தொட்டியில் வடிகாலை மட்டும் அடைத்தால் நீர் மளமளவென்று ஏறுமே, அப்படித்தான் ஏறுகிறது. ஏடிஎம் பி53இன் 15ஆம் இடத்திலுள்ள செரீன் அமினோ அமிலத்திலும், சிஹெச்கே2 என்ற நொதி 20ஆம் இடத்துச் செரீனிலும் பாஸ்பேட்டை ஒட்டும். எம்டிஎம்2 தானும் தன் பங்குக்கு மாற்றம் பெற்றுப் பிடியை விட்டுவிடும். ஆகவே எம்.ஆர்.என்.ஏ.வை அளக்கும் ஆர்.டி.பி.சி.ஆர். செய்வதானால் பி53ஐ அல்ல, அது இயக்கும் பி21, எம்டிஎம்2 மரபணுக்களை அளக்க வேண்டும்.

அடுத்த கோளாறு ஹீலா. அதன் பி53 மரபணு நல்ல நிலையில்தான் இருக்கிறது. ஆனால் அது எச்.பி.வி. 18 வைரஸ் புகுந்த செல். வைரஸின் ஈ6 புரதம் ஈ6ஏபி என்ற நொதியைக் கூட்டிக்கொண்டு வந்து பி53ஐத் தின்று தீர்க்கும். நீங்கள் என்ன கொடுத்தாலும் ஓரளவுக்கு மேல் தேறாது. எளிதில் வளர்கிறதே என்று ஹெக்293 செல்களுக்கும் போய்விடாதீர்கள். அதில் அடினோவைரஸ் புரதம் பி53ஐக் கட்டிப்போட்டிருக்கிறது. பட்டை பருமனாகத் தெரியும், வேலை நடக்காது.

எம்சிஎஃப்7, ஏ549, எச்சிடி116 என்ற செல் வரிசைகள் மூன்றிலும் பி53 பழுதில்லாதது. புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்தின் சேமிப்பகத்திலிருந்து செல் வரிசைகளைப் பெறலாம். கூடவே பி53 அறவே இல்லாத எச்1299 ஒரு தட்டு வையுங்கள். உங்கள் ஆன்டிபாடி பிடிப்பது பி53ஐத்தானா என்பதற்கு அதுதான் சாட்சி. மருந்து போடும்போது தட்டு 60 முதல் 70 விழுக்காடு நிறைந்திருந்தால் போதும். முழுக்க நிறைந்த தட்டிலும், சீரம் இல்லாமல் பட்டினி போட்ட தட்டிலும் பி21 தானாகவே ஏறிவிடும், பிறகு எது மருந்தால் வந்தது என்று பிரிக்க முடியாது. செல் வளர்ப்பில் புகும் மைக்கோபிளாஸ்மா கிருமிக்கான சோதனையை ஒத்திப்போட வேண்டாம்.

டாக்சோரூபிசின் 0.2 முதல் 1 மைக்ரோமோலார் வரை நிறுத்திக்கொள்ளுங்கள். 'கூடக் கொடுத்தால் கூட ஏறும்' என்று 5, 10 என்று போவது பல ஆய்வகங்களில் நடக்கிறது. அது டி.என்.ஏ. இழைகளுக்கு நடுவே செருகி நிற்கும் மருந்து. அளவு மிஞ்சினால் படியெடுப்பையே நிறுத்திவிடும். அப்போது பி53 மலைபோல் ஏறியிருக்கும், பி21 மட்டும் இருக்காது. உங்கள் படத்தில் பி21 பட்டை இல்லாதது இதனாலும் இருக்கலாம். ஆக்டினோமைசின் டி மருந்திலும் இதே கதைதான்: 5 நானோமோலார் ரைபோசோம் வேலையை மட்டும் குலைத்து பி53ஐ எழுப்பும், அதிகமானால் எல்லாப் படியெடுப்பும் நிற்கும். டி.என்.ஏ.வைத் தொடாமல் பி53ஐ மட்டும் எழுப்பிப் பார்க்க நட்லின்3 என்ற மருந்து இருக்கிறது, 10 மைக்ரோமோலார். மருந்தைக் கரைக்கும் டி.எம்.எஸ்.ஓ. 0.1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, மருந்தில்லாத தட்டிலும் அதே அளவு டி.எம்.எஸ்.ஓ. சேர்க்க வேண்டும்.

0, 2, 4, 8, 24 மணி என்று எடுங்கள். 24 மணிப் புள்ளி ஒன்றை மட்டும் நம்புவது சரியில்லை. காமாக் கதிர் பட்ட எம்சிஎஃப்7 செல்களைத் தனித்தனியாகப் பார்த்தபோது பி53 ஐந்தாறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறி இறங்குவது 2004இல் தெரியவந்தது. காரணம், பி53 தன்னை அழிக்கும் எம்டிஎம்2இன் மரபணுவையும் தானே இயக்குகிறது. தட்டு முழுவதையும் சேர்த்து அரைக்கும்போது இந்த ஏற்ற இறக்கம் மழுங்கிவிடும். இருந்தாலும் தாழ்ந்த நேரத்தில் நீங்கள் கை வைத்திருக்க வாய்ப்புண்டு.

செல்லைக் கரைப்பது ஐஸ் மேல்தான். புரோட்டியேஸ் தடுப்பானோடு பாஸ்பேட்டேஸ் தடுப்பானும் வேண்டும். இல்லாவிட்டால் 15ஆம் இடத்துச் செரீனில் உள்ள பாஸ்பேட் குறி குழாயிலேயே காணாமல் போகும். ஒரு குழிக்கு 30 மைக்ரோகிராம். பி53க்கு 10 விழுக்காடு ஜெல் போதும். பி21க்கு 12 முதல் 15. எட்டில் ஓட்டினால் அது அடிவழியே வெளியேறிவிடும். பி53இன் உண்மை எடை 44 கிலோடால்டன்தான் என்றாலும் பட்டை 53 பக்கத்தில் நிற்கும், பயப்பட வேண்டாம். அதனாலேயே எல்லாக் குழியிலும் சம அளவு புரதம் ஏறியதா என்ற சரிபார்ப்புக்கு டியூபுலின் புரதத்தை வைக்கக் கூடாது. அது 50 முதல் 55க்குள் வந்து பி53 மேலேயே உட்காரும். ஜிஏபிடிஹெச் வையுங்கள். டாக்சோரூபிசின் தானே சிவப்பாக ஒளிரும் என்பதால் நுண்ணோக்கியில் சிவப்புச் சாயம் வேண்டாம்.

அம்மாவுக்கு வயது 67. கர்ப்பப்பைப் பயாப்சி ரிப்போர்ட்டில் 'பி53 மியூட்டன்ட் பேட்டர்ன், பரவலாக அடர்த்தியாக பாசிட்டிவ்' என்று இருக்கிறது. கட்டியை அடக்கும் புரதம் நிறைய இருப்பது நல்லதுதானே? டாக்டர் ஏன் முகம் சுளித்தார்?
வாசகர், தேவகோட்டை

நிறைய இருப்பதுதான் இங்கே பழுதின் அடையாளம். மேலே மாணவிக்குச் சொன்ன சுழற்சியை நினைவில் வையுங்கள்: நல்ல பி53 தன்னை அழிக்கும் எம்டிஎம்2ஐத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. மரபணுவில் ஓர் எழுத்து மாறி, டி.என்.ஏ.வைப் பிடிக்கும் பகுதி கெட்டுவிட்டால் அந்தப் புரதத்தால் எம்டிஎம்2ஐ இயக்க முடியாது. அழிப்பவர் குறைந்துபோக, வேலைக்கு உதவாத பி53 செல்லின் உட்கருவில் குவிகிறது. சாயம் ஏற்றினால் அதுதான் அடர் பழுப்பாகத் தெரிகிறது. இந்த எழுத்து மாற்றங்கள் புரதச் சங்கிலியின் 175, 245, 248, 249, 273, 282 ஆகிய இடங்களில் மீண்டும் மீண்டும் வருகின்றன.

நல்ல பி53 உள்ள திசுவில் சில செல் அடர்த்தியாக, சில மங்கலாக, சில வெறுமையாக, கலந்து கிடக்கும். பழுது என்பது அநேகமாக எல்லா உட்கருவும் ஒரே அடர்த்தியில் இருப்பது. அதோடு எதிர்க்கோடியில் இன்னொன்றும் உண்டு: கட்டியில் சாயமே இல்லாதது. மரபணு நடுவில் முறிந்து புரதமே உருவாகாதபோது இப்படி வரும். அதை 'நெகட்டிவ்தானே, தப்பித்தோம்' என்று எடுத்துக்கொள்பவர்கள் நிறைய. அதுவும் பழுதுதான்.

சாயமே ஏறாதது பழுதாலா, சாயம் ஏற்றியதில் நடந்த கோளாறாலா என்று எப்படித் தெரியும்? கட்டிச் செல்களுக்கு நடுவே கிடக்கும் சாதாரணத் திசுச் செல்கள், நிணச் செல்களைப் பார்ப்பார்கள். அவற்றில் லேசான பழுப்பு இருக்க வேண்டும். அங்கும் இல்லையென்றால் சோதனையே செல்லாது. பெரும்பாலும் கோளாறு அறுவை அரங்கத்தில் தொடங்கும். திசுவை எடுத்தவுடன் 10 விழுக்காடு நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலினில், திசுவைப் போல் பத்து மடங்கு அளவில், போட வேண்டும். சின்ன பாட்டிலில் திணித்துவைத்தால் உள்ளே மருந்து ஊறாது, நடுப்பகுதி அழுகும். முழுக் கர்ப்பப்பையைத் திறக்காமலே போட்டால் கட்டி இருக்கும் உட்புறத்துக்கு ஃபார்மலின் போகவே நேரமாகும். 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் ஊற வேண்டும். அதன்பின் மெழுகில் பதித்து, 3 அல்லது 4 மைக்ரான் தடிமனில் சீவி, காரக் கரைசலில் கொதிநிலைக்கு அருகில் சூடாக்கி, பி53ஐப் பிடிக்கும் டிஓ7 போன்ற ஆன்டிபாடி ஏற்றுவார்கள். சூடாக்கும் படி சரியில்லை என்றால் பலவீனமான சாயம் எல்லாம் போய்விடும்.

உங்கள் அம்மாவின் விஷயத்தில் இந்த முடிவு சிகிச்சையை மாற்றக்கூடியது, அதனால்தான் டாக்டர் யோசித்திருப்பார். கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றை இப்போது மரபணு அடிப்படையில் நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள். பி53 பழுதான வகை அவற்றில் வேகமானது. 2023இல் மகளிர் மருத்துவர்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபிகோ நிலை நிர்ணயிக்கும் முறையிலேயே இதைச் சேர்த்துவிட்டது. ஆனால் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. 'போல்' (POLE) என்ற மரபணுவில் குறிப்பிட்ட மாற்றம் இருந்தால், கூடவே பி53 பழுது தெரிந்தாலும், அந்த நோயாளிக்கு நோயின் போக்கு நன்றாகவே இருக்கும். ஆகவே டாக்டரிடம் கேட்க வேண்டியவை: 'போல்' மரபணுச் சோதனை செய்தாயிற்றா? டி.என்.ஏ. நகலெடுப்புப் பிழைகளைத் திருத்தும் எம்எம்ஆர் புரதங்கள் நான்கும் பார்த்தாயிற்றா? மதுரைக்கோ திருச்சிக்கோ இரண்டாவது கருத்துக்குப் போவதென்றால் ரிப்போர்ட் தாளை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். மெழுகுக் கட்டியையும் கண்ணாடித் துண்டுகளையும் எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்குங்கள். தாளை வைத்து யாரும் மறுபடி சாயம் ஏற்ற முடியாது.

அக்காவுக்கு 29 வயதில் மார்பகப் புற்று. அவள் மகனுக்கு 5 வயதில் அட்ரீனல் சுரப்பியில் கட்டி. மாமன் மகள், அத்தை மகன் என்று தலைமுறையாகச் சொந்தத்திலேயே கட்டிக்கொண்ட குடும்பம். அதனால்தானா?
வாசகி, பள்ளத்தூர்

சொந்தத்தில் கட்டியதன்மேல் பழி போட வேண்டாம். இந்தச் சேர்க்கையைக் கேட்டதும் மருத்துவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது லீ ஃப்ராமெனி நோய்த்தொகுதி. 1969இல் விவரிக்கப்பட்டது, காரணம் பிறப்பிலேயே பழுதான பி53 மரபணு என்று 1990இல் தெரிந்தது. ஒரே ஒரு பிரதி பழுதாக இருந்தால் போதும், தாய்வழியோ தந்தைவழியோ வரலாம், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பெற்றோரிடம் இல்லாமல் பிள்ளையிடம் புதிதாகத் தோன்றுவதும் உண்டு. சிறுவயதில் அட்ரீனல் புறணிக் கட்டி வந்தாலே, குடும்பத்தில் வேறு யாருக்கும் ஒன்றுமில்லாவிட்டாலும், பி53 சோதனை செய்ய வேண்டும் என்பது விதி. 31 வயதுக்குள் மார்பகப் புற்று வந்தவருக்கும் அப்படியே.

சொந்தத் திருமணம் குறுக்கே வருவது வேறொரு இடத்தில். மேலே சொன்ன ஏடிஎம் மரபணுவின் இரண்டு பிரதியும் பழுதானால் குழந்தை நடை தள்ளாடும், கண் வெள்ளையில் ரத்தநாளங்கள் தடித்துத் தெரியும், நோய் எதிர்ப்பு குறையும், கதிர் பட்டால் தாங்காது, ரத்தப் புற்றுக்கும் நிணப் புற்றுக்கும் ஆளாகும். அது இரு பக்கமிருந்தும் பழுது வந்தால்தான் வரும், அதனால் உறவில் கட்டுவோரிடம் கூடுதல். உங்கள் வீட்டுக் கதை அதுபோல் இல்லை.

மரபியல் ஆலோசகரிடம் முதலில் அழைத்துப் போக வேண்டியது அக்காவை, நோயில்லாத உங்களை அல்ல. அவரிடம் என்ன மாற்றம் என்று தெரிந்தபின் மற்றவர்களுக்கு அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும். கட்டியில் பி53 மாற்றம் இருந்தால் பிறவி மாற்றம் என்று அர்த்தமில்லை, ரத்தத்திலும் பார்க்க வேண்டும். ரத்தமே ஏமாற்றவும் கூடும்: வயதாலோ கீமோவாலோ சில ரத்தச் செல்களில் மட்டும் பி53 மாறியிருக்கலாம். சந்தேகம் வந்தால் தோலில் சிறு துண்டெடுத்து வளர்த்து உறுதி செய்வார்கள்.

மாற்றம் உறுதியானால் வருடத்துக்கு ஒருமுறை முழு உடல் எம்.ஆர்.ஐ., மூளை எம்.ஆர்.ஐ.; குழந்தைகளுக்கு மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று அல்ட்ராசவுண்ட்; பெண்களுக்கு 20 வயதிலிருந்து மார்பக எம்.ஆர்.ஐ. சி.டி. ஸ்கேனையும் கதிர் சிகிச்சையையும் வேறு வழி இருக்கும்வரை தவிர்க்கச் சொல்வார்கள். எந்த மருத்துவமனைக்குப் போனாலும் படுக்கும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.

யானை அவ்வளவு பெரிதாக இருக்கிறதே, அதற்கு ஏன் புற்றுநோய் அதிகம் வருவதில்லை?
ஏழாம் வகுப்பு மாணவன், பிள்ளையார்பட்டி

சரியான கேள்வி தம்பி. செல் அதிகமென்றால் பழுதும் அதிகமாக வேண்டும். நமக்கு பி53 மரபணு இரண்டு பிரதி, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஆப்பிரிக்க யானைக்கு அசல் மரபணுவோடு கூடுதலாக 19 நகல்கள் இருப்பதை 2015இல் கண்டார்கள். யானையின் செல்லுக்குக் கதிரடி கொடுத்தால் பழுது பார்த்துக்கொண்டு நிற்காமல் நம் செல்லைவிடச் சீக்கிரம் தன்னை முடித்துக்கொள்கிறது. நகல்கள் எல்லாமே வேலை செய்கின்றனவா என்று உன் டீச்சர் கேட்டால், எல்லாம் இல்லை என்று சொல்.

மஞ்சளில் உள்ள குர்குமின் பி53ஐத் தூண்டும் என்று கேப்சூல் விற்கிறார்கள். கீமோ எடுக்கும் என் கணவருக்குக் கொடுக்கலாமா?
வாசகி, கானாடுகாத்தான்

கேப்சூல் வேண்டாம். குழம்பில் போடும் மஞ்சளுக்குத் தடையில்லை.

கண்ணாடித் தட்டில் வளரும் செல்களுக்கு 10 முதல் 50 மைக்ரோமோலார் குர்குமின் ஊற்றினால் பி53 கூடுவதைப் பலர் காட்டியிருக்கிறார்கள். மனிதருக்கு நாளொன்றுக்கு 8 கிராம் சுத்தக் குர்குமின் கொடுத்துப் பார்த்தபோதும் ரத்தத்தில் உச்சம் 2 மைக்ரோமோலாரை எட்டவில்லை. சமையல் மஞ்சளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்குபோலத்தான். உடம்பில் ஏறுவதற்காகக் கேப்சூலில் மிளகின் பைப்பரினைச் சேர்க்கிறார்கள். அது கல்லீரல் மருந்துகளைக் கையாளும் விதத்தையே மாற்றும், கீமோ மருந்தின் அளவு தாறுமாறாகும். இப்படிப்பட்ட கேப்சூல்களால் கல்லீரல் வீங்கியவர்களும் உண்டு.

பி53ஐச் சும்மா தூண்டிவிடுவது நல்லது என்ற நினைப்பே கோணல். எம்டிஎம்2 இல்லாத எலிக்குஞ்சு கருவிலேயே செத்துப்போகிறது. பி53ஐயும் சேர்த்து நீக்கினால் பிழைக்கிறது. 1995இல் இரண்டு குழுக்கள் இதைக் காட்டின. 2002இல் பி53 வழக்கத்தைவிடத் துடிப்பாக உள்ள எலிகளுக்குக் கட்டி குறைந்தது, ஆனால் முதுமை சீக்கிரம் வந்தது. எம்டிஎம்2ஐத் தடுக்கும் மருந்துகளை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது முதலில் அடிபட்டவை தட்டணுக்கள். போதாததற்கு, உங்கள் கணவரின் கட்டியில் பி53 பழுதாகியிருந்தால் தூண்டுவதற்கே அங்கு ஒன்றுமில்லை.

கல்யாண வீட்டில் தாம்பூலம் போடுவதும் தினம் சாப்பாட்டுக்குப் பின் போடுவதும் ஒன்றா? புகையிலை சேர்ப்பதில்லை.
வாசகர், ராயவரம்

ஒன்றல்ல. ஆனால் புகையிலை இல்லாததால் தப்பு இல்லை என்றும் ஆகாது. கொட்டைப்பாக்கு தனியாகவே மனிதருக்குப் புற்று உண்டாக்கும் முதல் பிரிவுப் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் அறிவித்தது. தினமும் மெல்லும்போது கன்னத்தின் உட்புறம் வெளுத்து விறைத்து, வாய் திறப்பது குறையும். உங்கள் மூன்று விரல்களைச் செங்குத்தாகச் சேர்த்து வாய்க்குள் நுழைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் பல் மருத்துவரிடம் போங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, முக்கியமாகச் சிவப்புத் திட்டு இருந்தாலும் அப்படியே. வாய்ப் புற்றில் அதிகமாகப் பழுதாகும் மரபணு பி53தான்.

புகைக்கும் பழக்கம் இருந்தால் அதற்குத் தனிக் கணக்கு. புகையில் உள்ள பென்சோபைரீன் உடம்பில் மாறி பி53 மரபணுவில் 157, 248, 273 ஆகிய இடங்களில் குறிபார்த்து ஒட்டுவதை 1996இல் கண்டார்கள். நுரையீரல் புற்றில் பழுதாகும் இடங்களும் அவையேதான்.

செக்கு வைத்திருக்கிறேன். நிலக்கடலைப் பூசணம் கல்லீரல் புற்றைத் தரும் என்கிறார்கள். வறுத்தால் போய்விடாதா? எண்ணெயில் வருமா?
வாசகர், பொன்னமராவதி

பூசணம் செத்துப்போகும், அது விட்டுச்சென்ற அஃப்ளடாக்சின் போகாது. அது சிதைய 200 டிகிரிக்கு மேல் வேண்டும். வறுப்பதில் ஒரு பங்கு குறையுமே தவிர ஒழியாது. கல்லீரலுக்குள் போனதும் நொதிகள் இதை வீரியமான வடிவத்துக்கு மாற்றும். அது டி.என்.ஏ.வின் குவானின் எழுத்தில் ஒட்டிக்கொள்ளும். பி53இன் 249ஆம் அமினோ அமிலத்துக்கான இடத்தில் ஒரு குவானின் தைமினாக மாறி, அர்ஜினின் வர வேண்டிய இடத்தில் செரீன் வந்துவிடும். சீனாவின் சிடோங் பகுதியிலும் தென் ஆப்பிரிக்கப் பகுதியிலும் கல்லீரல் கட்டிகளில் இந்த ஒரே மாற்றம் திரும்பத் திரும்ப இருந்ததை 1991இல் கண்டார்கள். எது தின்றதால் வந்த கட்டி என்று மரபணுவைப் பார்த்தே சொல்லக்கூடிய அபூர்வமான இடம் இது. ஹெபடைடிஸ் பி கிருமியும் உடம்பில் இருந்தால் ஆபத்து பல மடங்கு. பிறந்த 24 மணிக்குள் போடும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை வீட்டில் யாரும் தவறவிட வேண்டாம்.

தடுப்பு களத்திலிருந்தே தொடங்குகிறது. காய் முற்றும் கடைசி வாரங்களில் தண்ணீர் இல்லாமல் காய்ந்த கடலையில்தான் பூசணம் முதலில் ஏறும். அப்படிப்பட்ட காட்டுக் கடலையைத் தனியாக வைக்கச் சொல்லி வாங்குங்கள். பருப்பின் ஈரம் 7, 8 விழுக்காட்டுக்குக் கீழே வரும்வரை காயவேண்டும். கையால் குலுக்கிச் சலசலப்பு கேட்டு முடிவெடுப்பதைவிட ஈரமானி வாங்கிவிடுவது மலிவு. மூட்டையைத் தரையில் போடாமல் மரச்சட்டத்தின் மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். ஐப்பசி மழையில் கசிந்த ஒரு மூட்டை பக்கத்து மூட்டைகளையும் கெடுக்கும். ஆட்டுவதற்கு முன் சுருங்கிய, நிறம் மாறிய, தோல் உரிந்து உடைந்த பருப்பைப் பொறுக்கி நீக்குங்கள். நச்சு எல்லாப் பருப்பிலும் பரவியிருக்காது. சில பருப்பில் மட்டும் மிக அதிகமாக இருக்கும். அதனால்தான் பொறுக்குவதால் பெரும் பலன். ஒரு கைப்பிடி எடுத்துச் சோதித்து மூட்டையே நல்லது என்று நம்ப முடியாததும் அதனால்தான்.

எண்ணெயில் கொஞ்சம் வரும். ஆலைச் சுத்திகரிப்பில் காரமும் வெளுக்கும் மண்ணும் அதை எடுத்துவிடும், செக்கெண்ணெயில் அந்தப் படி இல்லை. அதிலும் பெரும்பங்கு அடியில் தங்கும் கசடோடு சேர்ந்தே வருவதால், தெளியவிட்டு நல்ல துணியில் வடிப்பது வீண் வேலையல்ல. மிச்சமெல்லாம் பிண்ணாக்கில் தங்குகிறது. பூசணக் கடலையின் பிண்ணாக்கை 'மாடுதானே' என்று கொடுத்தால் அஃப்ளடாக்சின் எம்1 ஆகப் பாலில் திரும்பி வரும். வாத்து, வான்கோழிக் குஞ்சுகளுக்கு அது நேரடி விஷம். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தபோதுதான் இந்த நச்சே கண்டுபிடிக்கப்பட்டது. அவை தின்றதும் கடலைப் பிண்ணாக்குதான். அப்படிப்பட்ட பிண்ணாக்கைத் தீவனமாக விற்காதீர்கள்.